கௌரவமாகக் கடைசியில் வருவது எப்படி?

சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கோச் இருக்கிறார், யூட்யூப் இருக்கிறது, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் இருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கூட்டம் புறப்பட்டால், மேடையேறப் போவது பிரிவுக்கு மூன்று பேர்தான். மிச்சமுள்ள பெரும்பான்மைச் சமூகத்துக்கு இதுவரை ஒரு வழிகாட்டி கிடையாது. அந்தக் குறையைப் போக்கவே இது. நீங்கள் முப்பத்தைந்தைத் தாண்டியவர், உட்கார்ந்த இடத்து வேலை, டாக்டர் 'கொலஸ்ட்ரால்' என்று ஒருமுறையாவது உங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார், காலேஜோடு விட்ட சைக்கிளை மறுபடி தொட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இதில் எதுவும் பொருந்தவில்லை என்றால் பக்கத்தைக் கிழித்து பத்திரமாக வையுங்கள். பொருந்தும் நாள் வரும்.

முதலில் வண்டி. 1949இல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸிலும் பி.எஸ்.ஏ.விலும்தான் நம் அப்பாக்கள் ஆபீஸ் போனார்கள், அரிசி மூட்டை ஏற்றினார்கள், அம்மாக்களை கேரியரில் வைத்து சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த வண்டி பந்தயத்துக்கு ஆகாது என்று கடைக்காரர் சொல்வார். கார்பன் ஃபிரேமை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டுவார். அந்த விரலைப் பார்த்து மயங்காதவர்களை நான் கண்டதில்லை. உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ., பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வைத்துவிட்டது. விதி சைக்கிளுக்கு மட்டும்தான். ஓட்டுபவருக்கு மேல்வரம்பு எதுவும் போடவில்லை. இந்தச் சலுகையை நம் ஆட்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் விலை கேட்டால் ஒரு சக்கரத்தின் விலையைச் சொல்லுங்கள். முழு வண்டிக்கே அது அதிகம் என்று திட்டு விழும். பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவாக முடிந்தது.

அடுத்து கிளீட்ஸ். ஷூவை பெடலோடு பூட்டிவிடும் சாதனம். மிதிக்கும்போது சுகமாக இருக்கும். நிற்கும்போதுதான் காலைக் கழற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வரும். திருவான்மியூர் சிக்னலில் முழு கெத்தோடு வந்து நின்று, நின்றபடியே மெதுவாகச் சாய்ந்து விழும் ஒருவரையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்தது நீங்கள்தான். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுகொள்ளும். இதை வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பழகுங்கள். விழுந்தே தீருவதென்றால் இடப்பக்கம் விழுங்கள். வலப்பக்கம் மாநகரப் பேருந்து வரும்.

தொடையோடு ஒட்டும் அந்த மெத்தை வைத்த கால்சட்டைக்குள் வேறு எதையும் போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். கடைக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லமாட்டார், நான் சொல்லிவிட்டேன். பந்தயம் முடிந்ததும் அதே கோலத்தில் டீக்கடை வாசலில் நிற்க நேரும். மாஸ்டரின் பார்வையைத் தவிர்த்து, கடலைப் பார்த்தபடி டீ குடிக்கவும்.

கால் முடியை மழிக்கலாமா என்று எல்லாப் புதியவர்களும் ரகசியமாகக் கேட்பார்கள். 2014இல் ஓர் அமெரிக்க சைக்கிள் கம்பெனி தன் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துவிட்டு, மழித்த காலுக்கு 40 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமாகிறது என்று சொன்னது. முதல் ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கப்போவது இருபத்தைந்து நிமிடம். மழித்தால் இருபத்து நாலு. அடுத்த வாரம் கல்யாண வீட்டில் வேட்டி கட்ட வேண்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

பதிவு செய்யும்போது பிரிவு கேட்பார்கள். ரோடு, ஹைபிரிட், எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) என்று வண்டிக்கேற்ப இருக்கும். வயதுக்கேற்ப மாஸ்டர்ஸும் இருக்கும். மாஸ்டர்ஸ் என்றால் வயசானவர்கள், மெதுவாகப் போவார்கள் என்று நம்பிப் பெயர் கொடுத்தவர்கள் அநேகர். அவர்கள் யாரென்று தெரியுமா? பிள்ளைகளை காலேஜ் சேர்த்துவிட்டு, வீட்டுக்கடனை அடைத்துவிட்டு, தினம் நாலு மணிக்கு எழுந்து முட்டுக்காடு வரை போய்வரும் ஐம்பது வயதுக்காரர்கள். அவர்களுக்குத் தூக்கம் கிடையாது, கவலை கிடையாது, கருணையும் கிடையாது. எம்.டி.பி. பிரிவிலும் இளகிய மனத்தோடு இறங்காதீர்கள். முள் டயரைக் கழற்றிவிட்டு வழவழ டயர் மாட்டிக்கொண்டு வரும் புத்திசாலிகள் அங்கேதான் இருப்பார்கள். டயர் அகலத்தை அளந்து பார்க்கும் அமைப்பாளர்கள் உண்டு. அளப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் நடக்கும் வாக்குவாதம் சில சமயம் பந்தயத்தைவிட விறுவிறுப்பு.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சவாரிகளைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஏறாத சவாரி நடக்காத சவாரி. நாக்குத் தள்ள மிதித்த அன்றைக்கு 'ஈஸி ரைடு' என்று தலைப்பு வையுங்கள். உண்மையாகவே மெதுவாகப் போன அன்றைக்கு 'ரெக்கவரி' என்று வையுங்கள். எதிரிகளும் இதையேதான் செய்கிறார்கள் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி பந்தய நாள். ஐந்தரைக்குக் கொடியசைப்பு என்று அறிவித்திருப்பார்கள். நீங்கள் மூன்றரைக்கு எழுந்து, இரண்டு வாழைப்பழம் தின்று, நாலே முக்காலுக்கு அங்கே நின்று, அரை மணி நேரம் உடலைச் சூடேற்றி, ஐந்து இருபதுக்குக் கோட்டருகே வந்து நிற்பீர்கள். சிறப்பு விருந்தினர் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார். அவர் வந்து, பொன்னாடை போர்த்தி, சைக்கிள் ஓட்டினால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று அவர் காரிலிருந்து இறங்கி வந்து பேசி, புகைப்படம் எடுத்து, கொடி எங்கே என்று தேடி முடிக்க ஆறேகால். சூடேற்றிய உடல் ஆறிவிடும்; வாழைப்பழம் செரித்துவிடும்; பக்கத்தில் நிற்பவர் மூன்றாவது முறையாகப் புதர் பக்கம் போய்வருவார். கையில் இன்னொரு பழம் வைத்திருங்கள். பேச்சு நடக்கும்போது தின்னலாம்.

கொடி விழுந்தது. இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். சைக்கிள் பந்தயத்தில் உங்கள் எதிரி பக்கத்தில் ஓட்டுபவர் இல்லை, காற்று. மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் நீங்கள் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். 30லிருந்து 36க்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம்தான். அதற்காகக் காற்றுக்குக் கட்ட வேண்டிய சக்தி ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடுகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு போகிறார்கள். இதற்கு டிராஃப்ட் அடிப்பது என்று பெயர். நெதர்லாந்தில் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018இல் 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். நெருக்கமான கூட்டத்தின் உள்ளே, நடுவுக்குப் பின்னால் இருப்பவர்மேல் விழும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர்மேல் விழுவதில் 5 முதல் 10 சதவீதம்தானாம். நம்மூர்க் கூட்டத்தில் அந்தச் சுகம் கிடைக்காது. ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவருக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆட்டோ புகும் இடைவெளி விட்டிருப்பார்கள்; சமயத்தில் ஆட்டோவே புகுந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது அந்த அனுபவசாலிகள் செய்வதற்கு நேர்மாறு. கொடி விழுந்ததும் முதல் ஆளாகப் பாயுங்கள். முகத்தில் காற்று அறைய, கேமராக்காரர்கள் படமெடுக்க, அக்கரை தாண்டும் வரை தலைமை தாங்குங்கள். பின்னால் இருபது பேர் உங்கள் நிழலில் பேசிக்கொண்டு வருவார்கள். ஒருவர் ஜெல் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து நிதானமாக உறிஞ்சுவார். நீங்கள் களைத்து ஒதுங்கியதும், ஒரு 'தேங்க்ஸ் ப்ரோ' கிடைக்கும். பந்தயத்தில் உங்கள் பங்கு அத்தோடு முடிந்தது. ஆனால் அன்றைய புகைப்படங்களில் முன்னால் இருப்பது நீங்கள்தான். கடைசியில் வருபவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

அப்படிப் பாயாமல் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலை உங்களை விடாது. தெற்கே போகும்போது இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நிலம். ஆனி, ஆடி மாதக் காலையில் காற்று நிலத்திலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து வீசும். அப்போது ஒளிய இடம் முன்னிருப்பவரின் நேர்பின்னே இருக்காது. அவருக்கு இடப்பக்கமாகக் கொஞ்சம் பின்னால் இருக்கும். விவரம் தெரிந்த நாலைந்து பேர் சாலையின் இடது விளிம்பை ஒட்டியே ஓட்டத் தொடங்குவார்கள். ஒளிய ஆசைப்படுகிறவர்களுக்கு மிச்சமிருப்பது வெள்ளைக்கோட்டுக்கு வெளியே உள்ள மணல். முட்டுக்காடு பாலத்தில் மறைக்க மரமோ கட்டடமோ கிடையாது. அங்கே கூட்டம் இழுபட்டு, ஒற்றை வரிசையாகி, வால் அறுந்து விழும். அறுந்த வாலில் இருப்பது யார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

அங்கேயும் தப்பித்தால் யூ டர்ன் இருக்கிறது. உள்ளூர்ப் பந்தயங்களில் பாதிப்பேர் காணாமல் போவது இந்த ஒரே இடத்தில்தான். இரண்டு போலீஸ் தடுப்பு, நாலு ஆரஞ்சு கூம்பு, விசில் ஊதும் ஒரு காலேஜ் பையன், இவ்வளவுதான் ஏற்பாடு. முதல் ஆள் வேகத்தைப் பதினைந்துக்குக் குறைத்து, அழகாக வளைத்து, எழுந்து நின்று மிதித்துப் பறந்துவிடுவார். பத்தாவது ஆள் பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்துவார். முப்பதாவது ஆளான நீங்கள் அநேகமாக நின்றே விடுவீர்கள். 'ரைட்டு ரைட்டு', 'ஹோல்டு யுவர் லைன்', 'டேய் பாத்துடா' என்று மும்மொழியிலும் கூச்சல் எழும். நீங்கள் வளைந்து முடிக்கும்போது முதல் ஆள் எதிர்த்திசையில் நாற்பதில் போய்க்கொண்டிருப்பார். பெரிய கியரிலேயே வந்து வளைந்திருப்பீர்கள். பெடல் பாறையாக நகர மறுக்கும். அவசரமாகக் கியரை இறக்குவீர்கள். செயின் கடகடவென்று கத்தி, பல்சக்கரத்திலிருந்து நழுவி, கிராங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். இறங்கிக் குனிந்து அதை எடுத்து மாட்டுவதற்குள் கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைப்பீர்கள். ஃபினிஷில் எடுக்கும் படத்தில் அது தெரியும்.

(இந்த வழிகாட்டியை மீறி நன்றாக ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: திரும்புமிடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே முதல் பத்துப் பேருக்குள் போய்விடுங்கள், கியரை நேராகப் போகும்போதே இறக்கி வையுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.)

இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். கூட்டம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு புள்ளியாகி, புள்ளியும் போய்விட்டது. இங்கேதான் கௌரவம் தொடங்குகிறது. துரத்தாதீர்கள், முப்பது பேர் மாறி மாறித் தள்ளும் காற்றை ஒற்றை ஆள் தள்ளிப் பிடித்ததாகச் சரித்திரம் குறைவு. உங்களைப்போல உதிர்ந்த இன்னும் மூன்று நாலு பேர் முன்னும் பின்னும் இருப்பார்கள். அவர்களுக்காகக் காத்திருங்கள். சேர்ந்ததும் ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னால் போங்கள். பெயர் கேளுங்கள், எந்த ஏரியா என்று கேளுங்கள், என்ன டயர் என்று கேளுங்கள். என் அனுபவத்தில், மேடையேறியவர்களுக்கு வன்மம் மிஞ்சுகிறது. உதிர்ந்தவர்களுக்குத்தான் சிநேகம் மிஞ்சுகிறது. கோவளத்துக்கு அந்தப் பக்கம் இளநீர் வண்டியைக் கண்டால் நால்வரும் சேர்ந்து நிற்பதில் விதிமீறல் எதுவும் இல்லை.

கடைசியில் வருவது கேவலம் என்று நினைப்பவர்கள் 1903ஆம் ஆண்டைப் புரட்டட்டும். முதல் டூர் டி பிரான்ஸில் 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேர் முடித்தார்கள். மோரிஸ் காரன் ஜெயித்தார். கடைசியாக வந்த அர்சேன் மியோஷோவுக்கும் அவருக்கும் இடைவெளி ஏறக்குறைய 65 மணி நேரம். உங்கள் இருபத்தைந்து நிமிடம் எந்த மூலைக்கு? அதற்கு அடுத்த வருஷம் கதை இன்னும் சுவாரஸ்யம். காரன் மறுபடியும் முதலில் வந்தார். ஆனால் அவரோடு சேர்த்து முதல் நான்கு பேரையும் தகுதிநீக்கம் செய்து, ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்ற பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். ரயிலேறிப் போனார்கள், காரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றெல்லாம் அந்தப் பந்தயத்தில் புகார். ஆகவே ஃபினிஷ் லைனைத் தாண்டிய உடனே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முன்னால் இருக்கும் எல்லாரும் தகுதியிழக்கும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

நீங்கள் ஃபினிஷுக்கு வரும்போது காற்றடைத்த அந்தப் பெரிய வளைவை மடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கே தாண்டுவது என்று குழம்ப வேண்டாம். சாலையில் சிப் டைமிங் பாய் கிடந்தால் அதன்மேல் ஏறுங்கள், அதையும் சுருட்டிவிட்டால் சுருட்டுபவரைப் பார்த்துக் கையசையுங்கள். மெடல் எல்லாருக்கும் உண்டு. பொங்கல் எல்லாருக்கும் கிடையாது. அதனால் மெடலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் பொங்கல் அண்டா பக்கம் போங்கள்.

பிறகு காரணங்கள். சமதரையில் தோற்றால் காற்று. மலையில் தோற்றால் எடை. அங்கே வேகம் பத்துக்கு இறங்கிவிடுவதால் காற்றைக் குற்றம்சாட்ட முடியாது, யார் பின்னாலும் ஒளிந்து பயனில்லை. மேம்பாலத்தையே மலையாகப் பழகிய சென்னைக்காரர்கள் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஞானம் பெறுகிறார்கள், மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிப் பாதையின் 36இல் குடும்பத்தை நினைக்கிறார்கள், கொல்லிமலையின் 70இல் எதையும் நினைப்பதில்லை. பங்க்ச்சர் என்ற காரணத்தை மட்டும் சும்மா சொல்லாதீர்கள். 'டியூபைக் காட்டு' என்று கேட்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். வீட்டில் எந்தக் காரணமும் எடுபடாது:

"எத்தனாவதுடா வந்தே?"

"ஏஜ் குரூப்லயா, ஓவரால்லயாம்மா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்கப்புறம் யாராச்சும் வந்தாங்களா?"

"ஆம்புலன்ஸ் வந்துச்சும்மா."

ஒரே ஒரு பந்தயத்தின் பக்கம் மட்டும் வேடிக்கை பார்க்கக்கூடப் போகாதீர்கள். அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. இந்தியத் தயாரிப்பில் சாதாரண கைப்பிடி உள்ள வண்டி மட்டும்தான் அனுமதி, கியர் கிடையாது. 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 15. முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய். பலர் ஓட்டி வருவது அரசு கொடுத்த இலவச சைக்கிள், சிலருக்குக் காலில் செருப்பு. மட்கார்டு அதிர, செயின் கவர் தட்ட, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போகும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், உங்கள் கார்பன் வண்டி சுவரோரம் நின்று உங்களை ஒரு பார்வை பார்க்கும். மறுநாளே ஓ.எல்.எக்ஸில் விளம்பரம் போடத் தோன்றும். போடாதீர்கள். பாதி விலைக்குக்கூடப் போகாது.

அடுத்த பந்தயத்துக்கு வருவதென்றால் ஹெல்மெட், ஒரு டியூப், டயர் லெவர் இரண்டு, குட்டி பம்ப், எலக்ட்ரால் பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே சேஃப்டி பின் ஒரு டஜன். முதுகில் நம்பர் அட்டையைக் குத்த நாலு பின் வேண்டும். அமைப்பாளர்கள் ஆளுக்கு இரண்டுதான் தருவார்கள். மீதியைக் கொண்டுவந்து நீட்டினால், கடைசியில் வந்தாலும் அன்றைக்கு உங்களைத் தெரியாதவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.